மலையடி வாழ்வும் மனைவேலையும்

எங்கள் ஊராகிய சங்கரன்கோயிலில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீல மதில்போலக் காணப்படும். ஆடித் திங்களில் இங்கே புழுதிக்காற்று வீச, அங்கே முகடுதோறும் கார்மேகம் படிந்திருக்கும். ஆதலின், இவ்வட்டாரத்தில் அலுவல் பார்த்து முதுமையெய்துவோர் பலர்க்கு ஓர் ஆசை உண்டு. ஓய்வு பெற்றபின் மலையடியில் ஒரு சிறு வீடு கட்டி, மரநிழலும் நீரொலியும் துணையாக எஞ்சிய நாளைக் கழித்தல் வேண்டும் என்பதே அது. இவ்வாசை பழிக்கத்தக்கதன்று. ஆயினும், அதனைக் குறித்து நாம் கேட்க மறந்த வினா ஒன்றுண்டு. அவ்வீட்டில் ஓய்வு பெறுவார் யாவர்? இவ்வொரு வினாவை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

என் பாட்டனார் முப்பத்து நான்கு ஆண்டு பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிக்கு மேற்கே, மலைச்சாரலை அடுத்து, ஓட்டு வீடொன்று கட்டிப் பாட்டியாருடன் அங்கே குடிபுகுந்தார். கோடை விடுமுறை ஒன்றின் கடைசி இருபது நாளை யான் அவர்களோடு கழித்தேன். தொல்காப்பியப் பாடங்களை அமைதியாகப் படிக்கலாம் என்பது என் எண்ணம். சாரல் அவ்வாண்டு முந்தியே தொடங்கிவிட்டது.

மலையடி வீட்டின் அழகைத் திண்ணையிலிருந்து காணலாம். அதன் வேலையைக் காண அடுக்களைக்குட் செல்லல் வேண்டும். காற்று பலமாக அடித்தால் மின்சாரம் நின்றுவிடும், மோட்டார் ஓடாது, கிணற்றிற் கயிறும் வாளியும் கொண்டே நீர் இறைத்தல் வேண்டும். எரிவாயு உருளை கொண்டுவரும் வண்டி பெரிய சாலையோடு நின்றுவிடும்; ஆகவே உருளையைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு வெந்நீருக்கு விறகடுப்பே மூட்டப்படும். விறகோ சாரலில் நனைந்து புகையும்; அதனை முன்னாளே அடுப்பின் மேற்பரணில் ஏற்றி உலர்த்தல் வேண்டும். துவைத்த துணி மூன்று நாளாயினும் ஈரம் போகாது. உப்பு நீர்த்துவிடும், பருப்பிற் பூஞ்சணம் பற்றும், முற்றத்துக் கல்லிற் பாசி படரும். குற்றாலக் குறவஞ்சியில் வரும் குரங்குகளை வகுப்பறையிற் படிக்குங்கால் நெஞ்சு குளிர்கின்றது. அவற்றின் வழித்தோன்றல்கள் நம் கூரையேறி ஓட்டைப் புரட்டிவிட்டுப் போனபின், ஒழுகும் இடந்தோறும் பாத்திரம் வைத்துத் திரிகையில் அக்குளிர்ச்சி தோன்றுவதில்லை. இவற்றிற்கு மேலாக, மலை காண வரும் உற்றார் உறவினர்க்கு உலையேற்றும் வேலையும் உண்டு.

இவையனைத்தையும் செய்தவர் அறுபத்தெட்டு வயதுடைய என் பாட்டியார். பாட்டனார் கொடியவர் அல்லர், எவரிடத்தும் அன்புடையார். விடியலில் உலாவப் போவார். வந்து செய்தித்தாள் படிப்பார். பழைய நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவார். ஒருநாள் அவர் எழுதிய கடிதத்தைத் திண்ணையிலிருந்தபடியே எங்களுக்கு உரக்கப் படித்தார். இங்கே செய்வதற்கு வேலையென்று ஒன்றுமில்லை, முழு ஓய்வே என்று அதில் எழுதியிருந்தார். புகையாற் சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பாட்டியார் அதற்கு மறுமொழி ஒன்றும் கூறவில்லை. என்னை நோக்கி, "ஐயா, அந்த வாளியைக் கொஞ்சம் கிணற்றுப் பக்கம் எடுத்துக் கொடு," என்றார்.

யான் அவ்வீட்டிற்கு வந்து அன்றோடு பன்னிரண்டு நாள் ஆகியிருந்தன. அதுகாறும் அவ்வாளியை யான் தொட்டதில்லை. அன்று நீர் இறைத்தேன். நண்பகலுக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தன. பாட்டனார் எழுதியது பொய்யன்று. அவரளவில் அது மெய்யே. யானும் அவரைப்போலவே திண்ணையில் இருந்தவன் என்பதே எனக்கு நாணம் தந்தது.

இது நிற்க. மலையில் ஓய்வு தேடிய வரலாறு நம் நாட்டிற்குப் புதிதன்று. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனார் 1845ஆம் ஆண்டிற் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். மோட்டார் செல்லும் பாதை ஏற்படுமுன், அம்மலைக்குச் சென்றோர் பலரை டோலியில் ஏற்றிக் கூலியாட்கள் தோள்மேற் சுமந்து சென்றனர். தமிழ் மாணவராகிய நாம் மறவாத கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் நெடுங்காலம் பணியாற்றி, 1891ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் பணியினின்று விலகிக் கோடைக்கானல் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாளிலேயே காலமானார். அவருடைய ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது என்பதை நம்மிற் பலர் தேர்விற்கென மனப்பாடம் செய்துள்ளோம். அவர்தம் மனைவியார் எலைசா அம்மையார் இடையன்குடியிற் பெண்களுக்குக் கல்வியும் பின்னல்வேலையும் கற்பித்தவர் என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

எங்கள் வட்டாரத்துக்கு இன்னும் அணித்தான சான்று ஒன்றுண்டு. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையாளர் பதவியினின்று 1935இல் விலகியபின் குற்றாலத்தில் வாழ்ந்து, 1954இல் அங்கேயே மறைந்தார். இராஜாஜி, கல்கி முதலியோர் அவர் வீட்டு விருந்தினராயினர். மலையடியில் முதுமையைக் கழித்தலுக்கு அவ்வாழ்க்கை ஒரு நல்ல இலக்கணம். கவிதைச் சுவையும் நட்பும் கடிதமும் அங்கே செழித்தன. அவர் இல்லத்து விருந்தோம்பலைப் பெரியோர் இன்றும் புகழ்ந்துரைக்கக் கேட்கின்றோம். அத்தகைய விருந்து எவ்வில்லத்திலும் தானே சமைவதன்று. என்னிடம் அதனைப் புகழ்ந்தவர்களுள் ஒருவரேனும் உலையேற்றிய கைகளைப்பற்றிப் பேசவில்லை. குறை இரசிகமணியினது அன்று, நம் பார்வையினதே.

இஃது ஓர் இல்லத்துச் செய்தியன்று என்பதற்கு அரசாங்கக் கணக்கே சான்று. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு நாட்டுமக்கள் பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆராய்ந்தது. ஆறு வயதிற்கு மேற்பட்டோருள், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர்; ஆண்கள் 26 பேரே. அவ்வாறு ஈடுபட்டோருள்ளும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். அலுவலகத்தில் ஓய்வுக்கு ஒரு வயது குறிக்கப்பட்டுள்ளது. பிரிவுபசாரமும் மாலையும் பென்ஷனும் உண்டு. அடுக்களைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

இனி, சிலர் ஒரு தடை கூறலாம். "வீட்டுவேலை பெண்டிர்க்கு இயல்பு, அவர் அதனைச் சுமையாகக் கருதார், மேலும், இது நம் பழைய மரபு," என்பர். மரபென்பார் தொல்காப்பியத்தைச் சற்று நோக்குவாராக. கற்பியலில் ஆசிரியர் முதுமைக் காலத்து ஒழுக்கத்தைக் கூறுமிடத்து, மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்தவற்றைப் பயில்வோர் கிழவனும் கிழத்தியும் என இருவரையும் சேர்த்தே சொல்லுகின்றார். கிழவன் பயில்க, கிழத்தி சமைக்க என்று அவர் பிரித்துக் கூறினாரல்லர். இருவர் பயிலல் வேண்டுமாயின் இருவர்க்கும் பொழுது வேண்டும். இருவர்க்கும் பொழுது வேண்டுமாயின் வேலையை இருவரும் பகிர்தல் வேண்டும். யான் திண்ணையில் அமர்ந்து மனப்பாடம் செய்த நூற்பா அதுவே. அதன் பொருள் வாளியைத் தொட்டபின்னரே விளங்கிற்று.

சுமையாகக் கருதார் என்பதற்கு விடை அவரைக் கேட்டறிவதேயாம். யான் கேட்டேன். மலை தமக்கும் விருப்பமே என்றார் பாட்டியார். ஆனால், சங்கரன்கோயிலில் இருந்தபோது குழாயடியில் நாலு பேரோடு பேசலாம், ஞாயிறுதோறும் நடந்தே கோயிலுக்குப் போகலாம் என்றும், இங்கு வந்தபின் மலையை நிமிர்ந்து பார்க்கப் பொழுதில்லை என்றும் கூறினார். வீடு கட்டுமுன் இதனைத் தம்மிடம் எவரும் கேட்கவில்லை என்பதையும் வருத்தமின்றியே சொன்னார்.

ஆகவே, மலையடியில் ஓய்வை நாடுவோர்க்குச் சொல்லத்தக்கன மூன்று. முதலாவது, நிலம் வாங்குமுன் மனைவியாரைக் கேட்க. நீர், விறகு, மருத்துவர், அண்டை வீட்டார் ஆகியவற்றின் தொலைவை அவரே நன்கு அளப்பார். இரண்டாவது, ஓய்வு பெறுமுன்னரே சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் கற்க. அறுபதில் அடுப்பூதக் கற்பது அரிது, ஆயினும் இயலாததன்று. மூன்றாவது, வேலைக்கு ஆள் வைப்பதாயின் அவர்க்கும் தக்க கூலியும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் தருக. இன்றேல், மனைவியின் தோளினின்று இறக்கிய சுமை மற்றொரு பெண்ணின் தோளில் ஏறுமேயன்றி ஒழியாது.

பாட்டனாரிடம் இவற்றைக் கூற எனக்குத் துணிவு வந்தது விடைபெறும் நாளுக்கு முந்தின மாலையில். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் விடியலில் வெந்நீரடுப்பை அவரே மூட்ட முற்பட்டார். ஈரவிறகு எரியவில்லை, வீடெல்லாம் புகை நிறைந்தது. பாட்டியார் நகைத்து, பரணிலிருந்து உலர்ந்த சுள்ளியை எடுத்துக் கொடுத்து, அடுக்கும் முறையைக் கற்பித்தார். அதன்பின் என்ன நிகழ்ந்தது என்பதை அடுத்த விடுமுறையிற்றான் அறிவேன்.

ஓய்வை எதிர்நோக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், ஓய்வு பெற்றுள்ள பழைய மாணவர்க்கும் அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. வினாவை மட்டும் வைக்கின்றேன். உடன்பயிலும் தோழர்க்குச் சொல்லும் உரிமை உண்டு. நம் ஓய்வுக்கு இன்னும் நாற்பது ஆண்டு இருக்கலாம். நம் வீட்டுப் பெண்டிர் இன்று மாலையும் அடுப்பின்முன் நிற்பர். வரும் விடுமுறையில் வீடு சேர்ந்ததும், புத்தகத்தைத் திறக்குமுன், வாளி எங்கே இருக்கின்றது என்று கேட்போமாக.