பெற்றோரின் தொழிலைச் சொல்ல நாணுவதேன்?

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் நாள்தோறும் வெளிவரும் மரண அறிவித்தல்களை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் மல்லாகத்தை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். அன்னார் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருக்கு மைத்துனர், யாருக்குச் சம்பந்தி என்பதெல்லாம் வரிசையாக வரும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் பொறியியலாளர், கனடா என்றும், கணக்காளர், இலண்டன் என்றும் உத்தியோகமும் ஊரும் நிற்கும். இறந்தவர் ஆசிரியராகவோ தபாலதிபராகவோ இருந்திருப்பின், "இளைப்பாறிய" என்னும் அடைமொழியோடு அவர் பதவியும் ஏறும். அவர் கடலுக்குப் போனவரானால்? தோட்டம் செய்தவரானால்? எண்பது ஆண்டு வாழ்ந்த ஒரு மனிதர் என்ன செய்து சீவித்தார் என்பதற்கு அங்கே ஒரு சொல்லும் கிடையாது.

இது மறதியன்று. மறதியானால் பத்துப் பேரில் இருவராவது நினைவு வந்து எழுதியிருப்பர். இது நாணம். சாதிச் செருக்கும் உத்தியோக மோகமும் கூடிப் பெற்ற பிள்ளை இந்த நாணம். கடலில் உழைத்தவரின் மகன், தந்தை கடலில் உழைத்தார் என்று அச்சில் வந்தால் தன் மகளின் கலியாணம் குழம்பும் என்று அஞ்சுகிறான். மண்வெட்டி பிடித்தவரின் மகனோ, "கமக்காரர்" என்ற சொல் தன் பட்டத்துக்குப் பக்கத்தில் பொருந்தாது என்று எண்ணுகிறான். தந்தைக்கு மாலை போடுகிறான். தந்தையின் வாழ்வில் நாற்பது ஆண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மாலை போடுகிறான்!

மயிலிட்டி எத்தகைய ஊர் என்பதை இளையோருக்காகச் சொல்லுகிறோம். காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் வடகரையில் அமைந்தது. கரையில், 1990 வரை வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்று. சற்று உள்ளே வந்தால், சுண்ணக்கல்லின்மேல் படிந்த வலிகாமத்துச் செம்மண். கடலுக்குப் போனோரும், வலை பொத்தினோரும், மீனைக் கூறுபோட்டு விற்றோரும், கருவாடு உலர்த்தினோரும் ஒருபுறம். கல்லை உடைத்துக் கிணறு வெட்டி, துலா மிதித்து இறைத்து, பின்னர் இயந்திரம் பூட்டி இறைத்து, குழை தாட்டு, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தோர் மறுபுறம். அயலில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை; அதில் வேலைக்குப் போய் வந்தோரும் உண்டு. 1970களில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாயும் வெங்காயமும் விலைபெற்றன. அந்தப் பணத்தைப் பெற்றோர் குடித்தா அழித்தனர்? படிப்புக்கும் சீதனத்துக்குமே அது போயிற்று. 1945இல் வந்த இலவசக் கல்வியால் உயர்ந்தோம் என்பார் உண்டு. உண்மைதான். ஆனால் இலவசக் கல்வி பள்ளிக் கட்டணத்தைத்தான் நீக்கிற்று. காலைச் சாப்பாட்டையும் சைக்கிளையும் கொப்பிகளையும் கடலும் தோட்டமுமே தந்தன.

தாய்மாருக்குச் செய்யும் அநீதியோ இதனிலும் பெரிது. வெங்காயம் நட்டதும், புல்லுப் பிடுங்கியதும், பெட்டி இழைத்ததும், சந்தைக்கு நடந்ததும் தொழில் என்ற கணக்கிலேயே இல்லை. பாசத்தின் உறைவிடம் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது கடன்! தேசவழமைச் சட்டம் வழங்கும் எமது நாட்டில் காணிகள் பெரும்பாலும் சீதன உறுதியிலே தாய்வழி இறங்குபவை. அத் தாய் யார், எந்தத் தோட்டத்தில் நின்றாள் என்பதை அழித்தால், காணியின் வரலாற்றில் பாதி அழிந்துபோம்.

இது குடும்பத்தின் உள்விவகாரம், அரசியற் பத்திரிகைக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்பர். சொல்லுகிறோம்.

1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. துறைமுகம் 2017 ஜூலை 3ஆம் திகதியே திரும்பக் கிடைத்தது. இடையில் 27 ஆண்டுகள். ஐம்பது வயதில் வள்ளத்தை விட்டு வந்தவருக்கு அப்போது எழுபத்தேழு. அவ்வயதுவரை இருந்தவர் எத்தனை பேர்? மல்லாகம் கோணாப்புலம் முகாமிலும், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும், உறவினரின் கோடிகளிலும், பிறநாட்டு மாடிவீடுகளிலும் கண்மூடியோர் பலர்.

அவர்களுள் எத்தனையோ பேர் உயிரோடிருந்தபோதே, 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்குச் சுவீகரிப்பதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் வெளிவந்தது. அதில் கூறப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள்: உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லையாம்! சில மைல் தொலைவில் முகாம்களிலே, அதே அரசின் செயலகப் பதிவேடுகளில் இடம்பெயர்ந்தோர் என்று பெயர் எழுதப்பட்டு, அவர்கள் இருந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் ஏறி, "இதோ நாம்" என்று சொல்லவேண்டியதாயிற்று.

அதோடு நின்றதா? 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில், வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமையை நிறுவவேண்டும், இல்லையேல் அரச காணியாகும் என்று அறிவித்தனர். மக்களின் எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆட்சிகள் மாறின; உரிமையாளர் இல்லை என்னும் பாட்டு மாறவில்லை.

அரசு எமது பெற்றோரைக் கண்டறிய முடியாதவர் என்கிறது. நாமோ அவர்கள் ஒரு தொழிலும் செய்யாதவர்போல் அறிவித்தல் போடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு?

மரண அறிவித்தல் நீதிமன்றத்தில் உறுதியாகுமா என்று எமது சட்டத்தரணி நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆகாதுதான். எனினும், காணி வழக்குகள் எதில் நிற்கின்றன என்பதை அவர்களே அறிவர். வேலி அடைத்தவர் யார், இறைத்தவர் யார், பனம்பயன் எடுத்தவர் யார், கிணற்றில் பங்கு எத்தனை, வழிவாய்க்கால் எப்பக்கம் என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லச் சாட்சி வேண்டும். உறுதிகள் 1990இல் வீட்டோடு போனவர்களுக்கு அச் சாட்சியே கதி. திரும்பி வந்தோர் வீடுகளைக் காணவில்லை. மதிலும் மரமும் எல்லையும் இல்லாத வெளியையே கண்டனர். பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரில் தம் இரண்டு பரப்பு எது என்று காட்ட, அங்கே உழைத்தவரின் நினைவைத் தவிர வேறென்ன உண்டு? அந்த நினைவை எம்மிற் பலர் கேட்டு வைக்கவில்லை. பிள்ளை இலண்டனில் எந்தத் தெருவில் இருக்கிறான் என்பது தந்தைக்குத் தெரிந்திருந்தது. தந்தையின் தோட்டக்காணிக்கு என்ன பெயர் என்பது பிள்ளைக்குத் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் எமக்கே உரிய நல்ல மரபு. நூலகம் நிறுவனம் அவற்றை மின்னூல்களாக்கி உலகெங்கும் படிக்க வைத்திருக்கிறது. ஆனால் அவற்றுட் பலவற்றைத் திறந்தால், தேவாரம் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது, இரங்கல் வெண்பா இருக்கிறது, மனிதர் இல்லை. தேவாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் பின்னே இரண்டு பக்கம் விட்டு, காணியின் பெயரையும் பரப்பையும் நாற்புறத்து எல்லைக்காரரையும் எழுதலாமே! எந்த ஆண்டில் வள்ளத்தை விட்டு இயந்திரப் படகு வாங்கினார், கடன் யார் கொடுத்தார், வெங்காயம் எந்தச் சந்தைக்குப் போயிற்று, அம்மாவின் சீதனக் கிணறு எத்தனை முழம் என்று எழுதலாமே! இவற்றைச் சொல்லக்கூடிய பெரியம்மாவும் குஞ்சியப்பாவும் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் இந்த மாதமே போய்க் கேட்கவேண்டும்.

மரண அறிவித்தலிலும் ஒரு வரி சேருங்கள்: மயிலிட்டிக் கடற்றொழிலாளர், கட்டுவன் தோட்டக்காரர் என்று. வரி கூடுகிறது, கட்டணம் கூடும் என்று பத்திரிகை நிலையத்தார் சொன்னால், பேரப்பிள்ளைகளின் நகரங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.