பக்கம் அமைக்கப் பயிலும் யந்திரம்

அச்சுக்கோப்பாளர் ஒருவர் பல்லாண்டு உழைத்துப் பெறும் கண்ணளவை இன்று கணனி பயில்கின்றது, வாசகர்களே! தலைப்பு, பந்தி, படம் யாவும் அதற்குப் பெட்டிகளே. ஒவ்வொரு பெட்டியும் எவ்வினத்தது, எங்கே நிற்பது, அகலமும் உயரமும் எவ்வளவு என்பனவற்றை எண்களாக்கிப் பல்லாயிரம் பக்கங்களை அதற்குப் புகட்டுகின்றனர்.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த லேயவுட்கான் என்னும் முறையில் செயற்கை நரம்பு வலைகள் இரண்டு. ஒன்று பெட்டிகளை அடுக்கும். மற்றையது அவ்வடுக்கு மனிதர் செய்ததோ போலியோ எனச் சோதிக்கும். மருமகள் சமைக்க மாமியார் உப்புப் பார்ப்பது போலத்தான்! குற்றங் கேட்டுக் கேட்டே முதலாவது தேறுகின்றது.

இவ்வகை யந்திரங்கள் பல பயின்ற பப்லேநெட் தொகுதியும் அவ்வாண்டினதே. அதில் 360,000க்கு மேற்பட்ட பக்கங்கள். அத்தனையும் மருத்துவ, உயிரியல் ஆய்விதழ்களினின்று எடுத்தவை. அங்கே பயின்ற ஒன்றிடம் நம் வீட்டு மரண அறிவித்தலை ஒப்படைக்கலாமோ?

நாம் தயங்குவது இங்கேதான். பெட்டிகளை மட்டும் பயின்ற யந்திரம் ஓரங்களை நேராக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாது காக்க முயலும். பெட்டியினுள் இருப்பது ஒரு தாயின் பெயர் என்பதையோ, அதனைச் சூழச் சிறிது வெற்றிடம் வேண்டும் என்பதையோ அது அறியாது. படத்தையும் வாசகத்தையும் நோக்கி இடம் ஒதுக்கும் முறைகள் பின்னர் வந்துள்ளன, நன்றே. பத்து மாதிரிகளை அவை நொடியில் தரட்டும். எது அச்சேறுவது என்பதை அவ்வீட்டாரே சொல்லட்டும்.