பேருந்தில் ஏறாதவை

கூரைவீட்டில் தீப்பற்றினால் நம் ஊர்களில் முதலில் குழந்தைகளைத் தூக்கி வருவர். அடுத்த நொடியே எவரேனும் ஒருவர் கொட்டிலுக்கு ஓடிப் பசுவின் கயிற்றை அறுத்துவிடுவார். அவருக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை. அணு உலையில் தீப்பற்றியபோது இந்த வழக்கம் எவ்வளவு தூரம் சென்றது என்பதை இத்திங்கள் வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1986 ஏப்ரல் 26 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், அந்நாளில் சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. மறுநாள் பிற்பகலில் அருகிருந்த பிரிப்பியத் நகரத்தார் ஏறத்தாழ 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றி அகற்றினர். சில நாள்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டதால், மக்கள் நாய்களையும் பூனைகளையும் வீட்டிலேயே விட்டுச் சென்றனர். பின்னர் அந்த நாய்களைச் சுட்டுக் கொல்ல ஆட்கள் அனுப்பப்பட்டனர். அவ்வாண்டில் வெளியேறியோர் தொகை 1,16,000 அளவை எட்டியது. பண்ணை மாடுகளுள் பலவற்றையும் கொண்டுசென்றனர் என்பதை மறைப்பதற்கில்லை.

காட்டுக்குப் பேருந்து ஏது? உலையை அடுத்து நின்ற பைன் காடு சில வாரங்களிலேயே பசுமை இழந்து செம்பழுப்பாகி மாண்டது. இன்றும் அதற்குச் செங்காடு என்றே பெயர். அதே இடத்து பிர்ச்சு மரங்களோ பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. பைனின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்கள் பருத்தவை; ஆதலால் கதிர்களுக்குப் பெரிய இலக்காயின. ஆண்டு முழுவதும் உதிராத ஊசியிலைகள் வேறு நச்சுத் தூசியை ஏந்திப் பிடித்துக்கொண்டன. உலையிலிருந்து 3 முதல் 7 கிலோமீட்டர் தொலைவில், சருகினடியில் வாழும் சிற்றுயிர்களின் எண்ணிக்கை இரண்டே மாதங்களில் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. சருகை மக்கச் செய்து மரத்துக்கு உணவாக்குபவை அவையே அன்றோ!

அனைத்துலகக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு 1928-இல் தோன்றியது. மனிதனைக் காக்கும் அளவுக்குக் கதிரியக்கத்தைக் கட்டுப்படுத்தினால் பிற உயிரினங்களுக்கும் அதுவே பெரும்பாலும் போதும் என்பது 1977-இல் அக்குழு கொண்ட கருத்து. மக்கள் குடியிருக்கும் இடத்தில் இது பெரிதும் பொருந்தும். ஆனால் மனிதனைக் காக்க வேறொரு வழியும் உண்டு: அவனை அங்கிருந்து அகற்றிவிடலாம். அகற்றியபின் ஏட்டில் எல்லாம் நலமே. ஆழ்கடலில் கதிரியக்கக் கழிவுகளைக் கொட்டிய நாள்களிலும் (1993-இல்தான் அது முற்றிலும் தடைசெய்யப்பட்டது) அங்கே மனிதன் இல்லை; மீன்கள் இருந்தன.

வெள்ளம் வடிந்தபின் ஆண்டவர் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமன்றி, பேழையினின்று இறங்கிய எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது என்பதை நாம் கோவிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்ட நாமும் அதைப் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அக்குழு 2007-இல் தன் பரிந்துரைகளைத் திருத்தி, சுற்றுச்சூழலைத் தனியே காக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு பன்னிரண்டு உயிரினங்களை மாதிரியாக எடுத்துக்கொண்டது. மான், எலி, வாத்து, தவளை, தேனீ, மண்புழு, நண்டு, காட்டுப் புல், பழுப்புக் கடற்பாசி, பைன் மரம் ஆகியவற்றோடு, வெள்ளையர் நம் நீலகிரி ஓடைகளிலும் கொணர்ந்து விட்ட டிரவுட் மீனும், நம் கடற்கரையார் நாக்குமீன் என்று சொல்லும் வகையைச் சார்ந்த தட்டை மீனும் அதில் உண்டு. உடல் ஏற்கும் கதிராற்றலை அளக்க மில்லிகிரே என்றோர் அலகு உள்ளது. மண்புழுவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 100 மில்லிகிரே வரையிலும், தவளைக்கு 1 முதல் 10 வரையிலும், மானுக்கு 0.1 முதல் 1 வரையிலும் உள்ள அளவை எட்டினால் நின்று ஆராய வேண்டும் என்று வகுத்தனர். பைன் மரத்தை மானோடு ஒரே வரிசையில் வைத்தனர். செங்காட்டைக் கண்டபின் வேறு எங்கே வைப்பது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செர்னோபில் வட்டாரத்தின் பெலாரஸ் பகுதியில் மான்களும் காட்டுப்பன்றிகளும் கதிரியக்கமற்ற காப்புக் காடுகளில் உள்ள அளவுக்கு இருப்பதாகவும், ஓநாய்கள் அவற்றினும் ஏழு மடங்குக்கு மேல் இருப்பதாகவும் 2015-இல் வெளிவந்த ஆய்வு கண்டது. வேட்டைக்காரனும் ஏரும் கோடரியும் வெளியேறியதே காரணம் என்கின்றனர். கதிரியக்கம் தீங்கற்றது என்பதற்குச் சிலர் இதையே சான்றாகக் காட்டுவது நமக்கு உடன்பாடன்று. தலைகளை எண்ணுவது வேறு, ஒவ்வோர் உயிரின் நலத்தை அறிவது வேறு. அங்குள்ள தகைவிலான் குருவி முதலிய பறவைகளின் நலம் குறித்து அறிஞர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. நம்மினும் கதிரியக்கமே மேல் என்று ஓநாய் சொல்லாமற் சொல்கிறதே, அதுதான் நமக்கு உறுத்துகிறது.

மாண்ட பைன் மரங்களை வெட்டிச் சாய்த்து, பள்ளங்களில் புதைத்து மணலிட்டு மூடினர். அந்நிலத்தில் பிறகு வளர்ந்த இளம் பைன்களுள் பல, தம் இனத்துக்கு இயல்பான நேரிய நடுத்தண்டு இல்லாமல், அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து புதர்போல் நிற்கின்றன.