வண்டு பறந்த வானமும் காபன் இழையும்



என்ன படிக்கிறாய் என்று மாமிமார் கேட்டால் "மெற்றீரியல்ஸ்" எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்திவிடுவேன். இந்த மாதம் மாத்த விருப்பமில்லை.

ஒரு காபன் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரோமீற்றர். தலைமயிரின் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் காபன் அணுக்கள் தாள்தாளாக, சில நனோமீற்றர் தடிப்பில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தாள்கள் இழையின் நீளப்பாட்டில் எவ்வளவு நேராகப் படுத்திருக்குதோ அவ்வளவுக்கு விறைப்பு. பாரமோ உருக்கை விட மிகக் குறைவு. உண்மையிலேயே வடிவான விசயம் இது. நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒக்லாந்தில் 2006இல் பீற்றர் பெக் தொடங்கிய ரொக்கெற் லாப்பின் 18 மீற்றர் உயர 'எலெக்ட்ரோன்' ரொக்கெற்றின் உடல் இந்தக் காபனால் ஆனது. கிவிகளின் பெருமை என்கிறார்கள். நிறுவனத்தின் தலைமையகம் இப்போது கலிபோர்னியாவில். 2015இல் லொக்ஹீட் மார்ட்டின் அதில் முதலிட்டது. 2021 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படையின் 'கன்ஸ்மோக்-ஜே' செய்மதி மாஹியாவிலிருந்து ஏவப்பட்டது. களத்தில் நிற்கும் படைகளுக்கு வானிலிருந்து தகவல் கொடுக்கிறதற்கான பரிசோதனை. அணுவாயுதமற்ற நாடு என்று 1987இல் சட்டம் போட்ட அதே நாடு.

வானிலிருந்து தகவல் எடுத்தால் தரையில் என்ன நடக்கும் என்று எங்கட ஆக்களுக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. 2009இல் வன்னிச் சனம் வேவு விமானத்துக்கு 'வண்டு' எண்டு பேர் வைச்சிருந்தது. வண்டு சுத்தினால் பிறகு ஷெல் வரும்.

குடும்ப வட்சப்பில் இன்னொரு கதை சுத்துது. டமாஸ்கஸ் வாளில் காபன் நனோக்குழாய் இருக்கிறதை 2006இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், அந்த உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது, எனவே நனோ தமிழனுடையது! கண்டுபிடிப்பு உண்மை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அற்புதமான உருக்கு வார்த்ததும் உண்மை. ஆனால் அது வாள், தோழர்களே. உலை ஊதினவரிடம் அது ஆரை வெட்டப் போகுது என்று எவரும் கேட்கவில்லை.

எங்களிடமும் கேட்கமாட்டார்கள். நாங்கள்தான் கேட்கவேணும். 2017ஆம் ஆண்டின் விண்வெளிச் சட்டப்படி ஏவலுக்கு அமைச்சரின் அனுமதி தேவை. அனுமதிக்கு முன்பே விபரம் பொதுவில் வரவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. ஆய்வுகூடங்களில் இருக்கிற நீங்கள், புலமைப்பரிசிலுக்குக் கையெழுத்து வைக்க முதல் காசு ஆருடையது, முடிவுகள் ஆருக்குப் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மடலில் பேர் போடாமல் வெளியிடுவோம்.