மலைக்குக் காவல், செய்திக்குப் பூட்டு

மழை பெய்தால் மகிழ்வது உழவர் மரபு. நம் ஊவா மலைகளிலோ, ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் லயங்களில் உறக்கம் இல்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை மறந்தவர் பதுளை மாவட்டத்தில் எவருளர்?

இன்று மலைச்சாரல்களில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டுள்ளன. பெய்த மழையின் அளவை அவை தாமே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கின்றன. ஒருநாள் மழை 75 மில்லிமீற்றரை எட்டினால் விழித்திருக்க வேண்டும். 150ஐ எட்டினால் வெளியேற வேண்டும் என்பது அந்நிறுவனம் வகுத்த கணக்கு.

இதனை வகுப்பில் நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், மழைமானி சொல்வதை நடுவழியில் எவனாவது மாற்றிவிட்டால்?” என்றான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நள்ளிரவை அண்டி, புயலை அறிவிக்கும் 156 சங்குகளும் ஒருங்கே அலறின. புயலும் இல்லை, காற்றும் இல்லை. சங்குகளை இயக்கும் வானொலிக் கட்டளையை எவனோ போலியாக அனுப்பிவிட்டான். கட்டளை யாருடையது என்று அறியும் ஆற்றல் சங்குகளுக்கு இருக்கவில்லை. அதன்பின்னரே நகரத்தார் அக்கட்டளையை மறைகுறியாக்கினர். பொய்ச் சங்கை இருமுறை கேட்டவன், மூன்றாம் முறை மெய்ச் சங்கை நம்புவானா?

வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் உள்ள கணினிகளின் கதையும் இதுவே. அங்கே கணினிதோறும் ‘ஏஜண்ட்’ எனும் சிறு காவலாள் அமர்ந்து, நலந்தீங்குகளைக் ‘கொன்சோல்’ எனும் தலைமைப் பீடத்துக்கு இடையறாது அறிவிக்கிறான். அவ்வறிக்கை உறையில்லாத மடலாகச் சென்றால், வழியில் எவரும் படிக்கலாம், திருத்தலாம், காவலாளின் பெயரால் பொய்யும் எழுதலாம்.

இதற்கு மாற்று யாது? நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு தோட்டம் விட்டு மறுதோட்டம் செல்லத் ‘துண்டு’ வேண்டும்; துரையின் கையொப்பமின்றி அது செல்லாது. கடன் விலங்கான அம்முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது, ஒழிந்தது நன்றே. ஆயினும், கையொப்பத்தால் ஆளை அறியும் உபாயம் இன்று நல்வழியில் பயன்படுகிறது. ‘ரீ.எல்.எஸ்.’ எனும் முறையில், இருவரும் நம்பும் ஓர் அதிகாரபீடம் ஒப்பமிட்ட சான்றிதழைக் காவலாளும் தலைமைப் பீடமும் ஒருவர்க்கொருவர் காட்டுமாறு செய்யலாம். சரிபார்த்த பின்னர், அவ்விருவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியத் திறவுகோலால் செய்தி பூட்டப்படுகிறது. ஓர் எழுத்து மாறினும் களவு வெளிப்பட்டுவிடும். இதன் 1.3 எனும் பதிப்பு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

பூட்டு வாங்கினால் மட்டும் போதுமா? சான்றிதழுக்கு முடிவுத் தேதி உண்டு. அதைப் புதுப்பிக்க மறந்தால் மெய்யான காவலாளே வாசலில் திருப்பி அனுப்பப்படுவான். விற்றவன் இட்ட கடவுச்சொல்லை மாற்றாதிருப்பது, திறவுகோலைக் கதவிலேயே தொங்கவிடுவதாகும். இன்னொன்று: மழைமானி பேசாதிருந்தால் மழையில்லை என்று கொள்ளலாகாது. மௌனமும் ஒரு செய்தியே. ஆள் சென்று பார்த்தல் வேண்டும்.

அம்மாணவனுக்கு இவ்வளவும் கூறிய பின்னர், மற்றொன்றும் கூற வேண்டியதாயிற்று. மீரியபெத்தைக்கு அபாயம் உண்டென்று 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. அச்செய்தியை எவனும் மாற்றவில்லை, அது மெய்ச்செய்தியே. எனினும், லயத்தை விட்டு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை கிடைக்குமுன் மலை வந்துவிட்டது.

செய்தி வரும் வழியைக் காப்பது கற்றவர் கடன். செய்தி வந்தபின் மக்களுக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் அளிப்பது நாட்டின் கடன். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல், பூட்டிய பெட்டிக்குள் எச்சரிக்கை பத்திரமாக இருக்கும், மனிதர் இருக்கமாட்டார்.