ஒரு கழுத்தில் மூன்று நுகம்

மாதத்தில் ஒரு சனி ஞாயிறு. ஆண்டில் இரண்டு வாரம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியக் காவற்படையும் சேமப்படைகளும் இளைஞரைத் தம்பால் ஈர்ப்பதற்கு நெடுங்காலம் கூறிவந்த வாசகம் இது. கேட்பதற்கு இனியது. கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடி நிற்கும் பதினெட்டு வயது இளைஞன், முப்பது நாளில் இரண்டு நாள்தானே என்றெண்ணிக் கையொப்பமிடுவதில் வியப்பில்லை. ஆனால் அவ்விரண்டு நாட்கள் எவை என்பதைத் தீர்மானிப்பவன் அவனல்லன். திங்கட்கிழமை பரீட்சை என்றால் அதற்கு முந்திய சனிக்கிழமை விடியுமுன் அவன் அணிவகுப்பில் நிற்க நேரலாம். வாரம் முழுவதும் கூட்டமின்றிக் கிடந்த உணவுச்சாலையில் வருமானம் காணும் நாட்களும் அந்தச் சனியும் ஞாயிறுமே. படிப்பு ஒரு புறம், பிழைப்பு ஒரு புறம், படை ஒரு புறம் என மூன்றும் ஒரே நாளில் அவனை இழுக்கின்றன. குளத்து நீரின் முறை தனக்கு எந்த இராவில் வருமென்று காத்திருக்கும் கமக்காரருக்கு இந்த இக்கட்டு விளங்கும். அவருக்கேனும் வயல் ஒன்று, இவனுக்கோ மூன்று.

கடல்கடந்த நாட்டின் விவகாரம் எமக்கேன் என்று வினவும் வாசகர் இருப்பர். எம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் கற்கின்றனர் என்பது ஒரு விடை. 2008ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு 2016இல் நிறுத்தப்பட்ட ஒரு திட்டத்தின்கீழ், அமெரிக்கப் பிரசையல்லாத மாணவரும் பிறரும் மொழியறிவின் பேரில் படையிற் சேர்ந்து, விரைவிற் பிரசாவுரிமை பெற இடமளிக்கப்பட்டது. அத்திட்டத்தின் மொழிப்பட்டியலில் தமிழும் இருந்தது; சிங்களமும் இருந்தது. எனினும் எமது பிரதான விடை வேறு. வறிய வீட்டுப் பிள்ளையின் கல்வியை ஓர் அரசு என்ன விலைக்கு விற்கின்றது, அவ்விலையைச் செலுத்துபவனுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றது என்பன எந்த நாட்டவரும் ஆராயத்தக்க வினாக்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் காவற்படையினன் ஆண்டுக்கு 48 பயிற்சித் தவணைகளிலும், குறைந்தது 15 நாட் பயிற்சி முகாமிலும் பங்குபற்ற வேண்டுமென்று சட்டம் விதிக்கின்றது. ஒரு சனி ஞாயிறில் நான்கு தவணைகள் அடங்கும். ஒவ்வொரு தவணைக்கும் மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு கொடுபடும்; எனவே இரண்டு நாள் வேலைக்கு நான்கு நாட் சம்பளம். இது தாராளம் போலத் தோன்றும். இதனோடு, ஆறாண்டு சேவைக்கு ஒப்பமிட்டவனுக்கு 36 மாதம் வரை கல்விப்படி உண்டு; முழுநேர மாணவனுக்கு அது 2025இல் மாதம் 500 டொலருக்கும் குறைவு. இலினோய் போன்ற சில மாநிலங்கள் தம் காவற்படையினருக்கு மாநிலப் பல்கலைக்கழகக் கட்டணத்தையே செலுத்துகின்றன. இவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. இரண்டாம் உலகப் போரினின்று மீண்ட வீரருக்கென 1944இல் இயற்றப்பட்ட சட்டம் ஏறக்குறைய 22 இலட்சம் பேரைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுசென்றது. அது அந்நாட்டின் நடுத்தர வர்க்கத்தையே புதிதாக ஆக்கியது எனலாம்.

ஆயின் 1944இன் வீரன் போரை முடித்துவிட்டுப் படிக்கச் சென்றான். இன்றைய சேமப்படை மாணவனோ படித்துக்கொண்டே படையில் இருக்கிறான். படையில் இருந்துகொண்டே கடையில் நிற்கிறான். மாதம் 500 டொலருக்குக் குறைந்த படியைக் கொண்டு அறை வாடகையும் உணவும் புத்தகமும் எங்ஙனம் ஈடேறும்? ஈடேறாதென்பதாலன்றோ மாலையிற் கடை வேலை! 2001 செப்டெம்பரின் பின்னர் இயற்றப்பட்ட, 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பெரிய கல்விச் சலுகையைப் பெறுவதற்கும் குறைந்தது 90 நாள் முழுநேரச் சேவை வேண்டும். மாதந்தோறும் அவன் செலவிடும் சனி ஞாயிறுகள் அந்தக் கணக்கில் ஏறா. ஆறாண்டு அணிவகுப்பில் நின்றாலும் அந்நாட்கள் அச்சலுகையின் ஏட்டில் பூச்சியமே.

தவறினால் வருவதும் சிறிதன்று. தக்க காரணமின்றி ஓர் ஆண்டில் ஒன்பது தவணைகளுக்கு வராதவனைத் தரைப்படையின் விதிகள் கடமை தவறியவனாகக் கொள்ளும். ஒன்பது என்பது பெரிய எண்ணெனத் தோன்றலாம். ஆனால் ஒரு சனி ஞாயிறு தவறினால் நான்கு. இரண்டு தவறினால் எட்டு. மூன்றாவது சனிக்கிழமை காலையில் ஒன்பது நிறைந்துவிடும். அதன்பின் கல்விப்படி நின்றுபோகும்; பெற்ற ஊக்கத்தொகையைத் திருப்பிக் கேட்கவும் இடமுண்டு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டங் கற்றவர் என்ற முறையில் அமெரிக்கரை ஒரு விடயத்தில் பாராட்டியே ஆகவேண்டும். படைச்சேவைக்குச் சென்றவனின் தொழிலைப் பாதுகாக்கும் வழக்கம் 1940ஆம் ஆண்டின் கட்டாய சேவைச் சட்டத்தோடு அங்கு வேரூன்றியது. 1994 ஒக்டோபரில் நிறைவேறிய இன்றைய சட்டம் அதனினும் வலியது. தொழில்கொள்வோனிடம் ஒருவர் வேலை செய்தாலென்ன, ஓராயிரம் பேர் வேலை செய்தாலென்ன, அச்சட்டம் அவனைக் கட்டுப்படுத்தும். பகுதிநேர ஊழியனும் அதன் பாதுகாப்புக்குள் அடங்குவான். முன்னறிவித்தல் வாய்மொழியாக இருந்தாலும் போதும். 31 நாளுக்குக் குறைந்த சேவையாயின், வீடு திரும்பி எட்டு மணிநேரம் ஓய்ந்தபின் வரும் அடுத்த வேலைமுறைக்குச் சமுகமளித்தால் அவன் இடம் அவனுடையது. 180 நாளுக்கு மேற்பட்டதாயின், மீள விண்ணப்பிக்க 90 நாள் அவகாசம் உண்டு. அவன் இல்லாத காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய பதவியுயர்வும் கணக்கிற் கொள்ளப்படும்.

ஏட்டிலுள்ள உரிமை நடைமுறையில் எங்ஙனம் தேய்கிறது என்பதற்கு வின்சன்ற் ஸ்ரோப் என்பவரின் வழக்குச் சான்று. இலினோயில் ஒரு வைத்தியசாலையில் தொழில்நுட்பவியலாளராகவும் தரைப்படைச் சேமப்படையினராகவும் இருந்தவர் அவர். மாதத்தில் ஒரு வார இறுதி அவர் போவது மற்றவர்களுக்குத் தொல்லை என மேலாளர் இருவர் மனம் புழுங்கினர். முன்னறிவித்தலின்றி மேலதிக வேலைமுறைகளை அவர்மேற் சுமத்தவும் செய்தனர். 2004இல் அவர் வேலைநீக்கப்பட்டபோது கையொப்பமிட்டவரோ பகை எதுவும் கொள்ளாத வேறோர் அதிகாரி. 2011இல் உச்ச நீதிமன்றம் இதனை ஊடுருவிப் பார்த்தது: மேலாளர் பகைநோக்கோடு செய்த செயலே வேலைநீக்கத்துக்கு உரிய காரணமாயின், கையொப்பம் எவருடையதாயினும் தொழில்கொள்வோன் பொறுப்பாளியே. 2022இல் மற்றொரு வழக்கு. ஈராக்கில் எரிகுழிப் புகையால் சுவாசப்பை கெட்டுத் திரும்பிய லீ றோய் ரொறெஸ் என்பவருக்குத் தகுந்த மாற்று வேலை கொடுக்க டெக்சாஸ் மாநில அரசு மறுத்து, தன்மீது வழக்கிட முடியாதென இறைமையைக் கேடயமாகப் பிடித்தது. அக்கேடயம் இங்கே செல்லாதென உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. இரண்டும் நல்ல தீர்ப்புகளே. ஆனால் ஸ்ரோப் வேலையிழந்ததற்கும் அத்தீர்ப்புக்கும் இடையே ஏழாண்டுகள். வாடகை கொடுக்க வேண்டிய மாணவன் ஏழாண்டு வழக்காடுவானா? மேலும், சட்டம் வேலையைக் காக்குமேயன்றி, வராத நாளின் கூலியைக் கொடு என்று தனியார் முதலாளியைப் பணிப்பதில்லை.

வேலைத்தலத்திலேயே நிலைமை இதுவென்றால் வகுப்பறையில்? எமது பிரதான முறைப்பாடு இங்கேதான். படைச்சேவைக்குச் சென்ற மாணவனை மீளச் சேர்த்துக்கொள்ளுமாறு கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 2008இலேயே வந்தது. தொழிலாளி பெற்ற உரிமையை மாணவன் பெற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. வந்த சட்டமும் நல்லதே: விட்ட இடத்தில் அதே தரத்தில் அவன் தொடரலாம், சேவை முடிந்து மூன்றாண்டுக்குள் அறிவித்தால் போதும், முதலாண்டில் கட்டணத்தையும் பொதுவாக உயர்த்தலாகாது. ஆயின் அதன் வாசலில் ஒரு தடைக்கல் இருக்கிறது. தொடர்ச்சியாக 30 நாளுக்கு மேற்பட்ட சேவைக்கே அது பொருந்தும். மாதாந்த சனி ஞாயிறும் பதினைந்து நாள் முகாமும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. போருக்கு ஓராண்டு போனவனுக்கு இடம் உண்டு. வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பியவன் தவறவிட்ட ஆய்வுகூட வகுப்புக்கு அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. சில மாநிலங்கள் தம் சட்டத்தாலும், பல பல்கலைக்கழகங்கள் தம் விதிகளாலும் இக்குறையை நிரப்பியுள்ளன. ஏனைய இடங்களில் அவன் விதி பேராசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. நல்லவர் மறுபரீட்சை வைப்பார். மற்றவர் பூச்சியம் இடுவார். உரிமை வேறு, கருணை வேறு என்பதை எம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய இடுக்குகள் அடைபடக் கூடியவையே. தேசியக் காவற்படை இரு எசமானரைக் கொண்டது: மாநில ஆளுநரும் அழைக்கலாம், சனாதிபதியும் அழைக்கலாம். வெள்ளத்துக்கும் புயலுக்கும் ஆளுநர் அழைத்துச் சென்றவனுக்கு 1994ஆம் ஆண்டின் சட்டம் நெடுங்காலம் பொருந்தாதிருந்தது; அவன் தன் மாநிலச் சட்டத்தையே நம்ப வேண்டியிருந்தது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்துப் பணிகளுக்குக் காவற்படையினர் பெருந்தொகையாக அழைக்கப்பட்ட பின்னரே, 2021 ஜனவரியில் திருத்தம் வந்தது. ஆளுநரின் அழைப்பிற் செய்த சேவை 14 நாளோ அதற்கு மேலோ ஆயினும், பேரனர்த்தத்துக்கான சேவையாயினும் இப்பொழுது பாதுகாப்பு உண்டு. தொழிலாளிக்கு இதைச் செய்த கொங்கிரஸ் மாணவனுக்கும் செய்யலாம்.

நேரமும் பணமும் மட்டுமே இங்கு பேசப்படுகின்றன என்று எண்ணிவிடல் ஆகாது. 1970 மே 4ஆந் திகதி ஒஹையோ மாநிலத்தின் கென்ற் பல்கலைக்கழக வளவில், போரை எதிர்த்துக் கூடிய மாணவர்மீது தேசியக் காவற்படையினர் சுட்டனர். நால்வர் மாண்டனர், ஒன்பதுபேர் காயமுற்றனர். சுட்டவர்களிற் பலர், சுடப்பட்டவர்களின் வயதை ஒட்டிய இளைஞர். 2025 ஜூனில் ஆளுநரின் சம்மதமின்றியே சனாதிபதியின் ஆணையால் கலிபோர்னியக் காவற்படையினர் ஏறக்குறைய 4,000 பேர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பொருட்டு அழைக்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டன் நகரத் தெருவிற் காவல் நின்ற மேற்கு வேர்ஜினியக் காவற்படையினர் இருவர் சுடப்பட்டனர். இருபது வயது மங்கை ஒருத்தி மறுநாள் உயிர் நீத்தாள். வெள்ளத்தில் அகப்பட்டோரைத் தோணியில் ஏற்றுவேன் என்றெண்ணிச் சேர்ந்தவன், தன் நகரின் வீதியிலேயே தன் வகுப்புத் தோழனுக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்க நேரலாம். போவதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவனிடம் இல்லை. அதை அவன் கையொப்பமிட்ட நாளிலேயே கொடுத்துவிட்டான்.

அந்தக் கையொப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடன்படிக்கை எட்டு ஆண்டுகளுக்கானது. சாதாரணமாக அதில் ஆறாண்டு பயிற்சியிலும், மிகுதி அழைத்தால் வரவேண்டிய பட்டியலிலும் கழியும். பெற்றோர் சம்மதித்தால் 17 வயதிலேயே ஒப்பமிடலாம். பாடசாலையின் கடைசி இரண்டு வகுப்புகளுக்கிடைப்பட்ட கோடை விடுமுறையிலேயே அடிப்படைப் பயிற்சியை முடிக்கவும் வழியுண்டு. படையினரின் நிலை, சம்பளம், கடமை பற்றிய சட்டங்கள் முன்னறிவித்தலின்றி மாறக்கூடும் என்றும், இவ்வுடன்படிக்கை எதைச் சொன்னாலும் அம்மாற்றம் தன்னைக் கட்டுப்படுத்தும் என்றும் அப்பத்திரத்திலேயே அவன் ஒப்புக்கொள்கிறான். ஒரு தரப்பார் மட்டும் மாற்றக்கூடிய ஒப்பந்தத்தை எமது ஊர்க் காணிக் குத்தகையில் எழுதிக் கொண்டுபோனால் எந்த நொத்தாரிசும் முகஞ் சுளிப்பார். இது சுயவிருப்பான சேவை என்பர். உண்மை, 1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு அங்கு ஒழிந்தது. ஆனால் கட்டணத்துக்கு வேறு வழியற்றவனின் விருப்பத்தை எவ்வளவு தூரம் விருப்பம் என்பது? சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம்வரை கட்டணமின்றிக் கற்க வழி பிறந்தது. அதில் ஆயிரம் குறைகள் உண்டு. எமக்கு மனத்தாங்கலும் உண்டு. எனினும் பட்டப்படிப்புக்குக் கட்டணம் தேடித் துப்பாக்கி தூக்க வேண்டிய நிலை அதனால் இல்லாதாயிற்று.

அமெரிக்கக் கொங்கிரஸ் செய்யத்தக்கது தெளிவு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் முப்பது நாள் எல்லையை அகற்றி, ஆணைப்படி சென்ற எந்த நாளுக்கும் மறுபரீட்சையையும் வருகைக் கழிவையும் மாணவனின் உரிமையாக்க வேண்டும். சனி ஞாயிறுகளையும் கல்விச் சலுகையின் கணக்கில் ஏற்ற வேண்டும். கூட்டாட்சி நிதியுதவி பெறாத கல்லூரிகள் அங்கு மிகச் சிலவே. பணம் கொடுப்பவன் நிபந்தனை விதிப்பதில் அரசியலமைப்புத் தடை எதையும் நாம் காணவில்லை.

அதுவரை, அந்நாட்டிற் கற்கும் எம்மவர் பிள்ளை எவரேனும் இந்நுகத்தை ஏற்றிருந்தாலோ ஏற்க எண்ணினாலோ, பெற்றோர் அவருக்கு எழுதத்தக்கவை சில. ஆட்சேர்ப்பவரின் வாய்வாக்குறுதி எதுவும் பத்திரத்தில் இடம்பெறாவிடின் அது இல்லையென்றே கொள்க. பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்யுமுன், படைக்கடமைக்காக வராதிருக்கும் மாணவர் பற்றிய அதன் விதியை எழுத்தில் கேட்டு வாங்குக. பயிற்சித் திகதிகள் அடங்கிய ஆண்டு அட்டவணை கைக்கு வந்ததும், ஒவ்வொரு தவணையின் முதல் வாரத்திலேயே அதன் பிரதியைப் பேராசிரியர் ஒவ்வொருவருக்கும் கடை முதலாளிக்கும் கொடுத்து, கொடுத்த திகதியைக் குறித்து வைக்குக. வாய்மொழி அறிவித்தல் போதுமென்று சட்டம் சொல்லுகிறது. அதனை நம்பி வாய்மொழியோடு நின்றுவிட வேண்டாம்.