மூன்றே ஸ்தானங்கள்

ஆட்சியைப் பிடிக்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் அபேட்சகர்களை நிறுத்தும் கட்சி ஒன்று ஹாலந்து நாட்டில் இருக்கிறது. எஸ். ஜி. பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சீர்திருத்த அரசியல் கட்சி அது. பைபிள் வாக்குப்படியே ராஜாங்கம் நடக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாகையால் அன்று கட்சியின் இணையதளம்கூடக் கதவடைத்துக் கொள்ளும்!

கட்சி பிறந்தது 1918-ல். அவ்வருஷத் தேர்தலில் ஒரு ஸ்தானமும் கிட்டவில்லை. 1922-ல் அதன் தலைவரான கெர்ஸ்டன் பாதிரியார் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். பெண்கள் வோட்டுப் போடுவது தெய்வ கட்டளைக்கு விரோதம் என்று பேசி வந்த கட்சி, பெண்கள் முதன்முதலாக வோட்டளித்த பொதுத் தேர்தலில்தான் முதல் வெற்றியைக் கண்டது என்பது வேடிக்கை.

சிறு கட்சிதானே என்று அலட்சியம் செய்தவர்களுக்கு 1925 நவம்பரில் பாடம் கிடைத்தது. போப்பாண்டவரிடம் ஹாலந்து ஒரு தூதரை வைத்திருந்தது. புராடெஸ்டண்டு நாட்டுக்கு இது அடுக்குமா என்று கேட்டு, அந்தச் செலவை நீக்கும்படி கெர்ஸ்டன் பிரேரணை கொண்டு வந்தார். நூறு அங்கத்தினர் கொண்ட சபையில் அவர் கட்சிக்கு இருந்தவர்கள் இரண்டே பேர். ஆனால் ஆளும் கூட்டணியில் இருந்த இன்னொரு புராடெஸ்டண்டு கட்சியால் மனசாட்சியை மீறி எதிர்த்து வோட்டுப் போட முடியவில்லை. எதிர்க்கட்சிகளும் சந்தர்ப்பத்தை விடவில்லை. பிரேரணை நிறைவேறியது, கத்தோலிக்க மந்திரிகள் ராஜிநாமாச் செய்தார்கள், கோலைன் மந்திரிசபை கவிழ்ந்தது. புது மந்திரிசபை அமைய மறு வருஷம் மார்ச் மாதம் ஆயிற்று. இச்சம்பவத்துக்குக் 'கெர்ஸ்டன் இரவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இத்தகைய கட்சிகள் சபைக்குள் வராமல் தடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் பொதுவாக 5 சதவீத வோட்டு இல்லாவிட்டால் ஸ்தானம் கிடையாது. ஹாலந்தில் இருப்பவை 150 ஸ்தானங்கள். ஓர் ஸ்தானத்துக்குரிய வோட்டு, அதாவது முக்கால் சதவீதத்துக்கும் குறைவு, கிடைத்தால் போதும். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது சரியல்ல. ஸீலாந்து முதலான பிரதேசங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே நம்பிக்கையோடு வாழும் ஜனங்களை, உங்களுக்கு இங்கே பேச்சில்லை என்று தள்ளிவிட்டால், அவர்கள் நம்பிக்கை மாறிவிடுமா? மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

ஆனால் பெண்கள் விஷயம் வேறு. 2006 வரையில் கட்சியில் பெண்கள் முழு அங்கத்தினராகச் சேரவே இயலாது; அதற்குப் பிறகும் அபேட்சகராக நிற்க முடியாது. வழக்கு நடந்தது. தேர்தலில் நிற்கும் உரிமையைப் பெண்களுக்கு மறுப்பதை ராஜாங்கம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2012-ல் கட்சியின் மனுவைத் தள்ளிவிட்டது. மத சுதந்திரத்தில் கோர்ட்டு தலையிடலாமா என்று கட்சிக்காரர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் பொய்யல்ல. எனினும் கோயில் பீடத்தில் யார் நிற்பது என்பது சபையின் காரியம். பார்லிமெண்டு ஆசனம் ஊருக்கெல்லாம் பொது. பொது ஆசனத்துக்கு ஆள் அனுப்பும் கட்சி, ஊரில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது நியாயமாகாது. கோர்ட்டு செய்தது சரியே.

2013-ல் கட்சி தடையைத் தளர்த்தியது. மறு வருஷம் ஃபிளிஸிங்கன் துறைமுக நகரில், நிற்க ஆண் எவரும் முன்வராத நிலையில், லிலியன் யான்ஸ் என்ற மாது கட்சியின் பெயரால் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்படி வந்த முதல் பெண்மணி அவர்தான். 2023 பொதுத் தேர்தலிலும் கட்சிக்கு மூன்று ஸ்தானங்கள் கிடைத்தன, மூவரும் ஆண்கள்.